வால்வில் ஏற்றிய எடை

என் அண்ணன் கருங்குழிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் பாய்லர் ஆபரேட்டராக இருந்தான். நெல் அவிக்க நீராவி வேண்டும், நீராவிக்கு உமி எரிய வேண்டும். விடிந்ததும் போய் அடுப்பில் உமியைத் தள்ளித் தீயைக் கிளப்பிவிட்டு, பிரஷர் முள் எங்கே நிற்கிறது, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவன் வேலை. அந்த வேலைக்கான பரீட்சையை இரண்டாம் தடவை எழுதித்தான் பாஸ் செய்தான். சர்ட்டிபிகேட்டை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தாள்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். நான் சென்னையில் இயற்பியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அண்ணனும் நானும் சேர்ந்து சாப்பிடுவோம். சாப்பிடும்போது நான் என்ன படிக்கிறேன் என்று கேட்பது அவன் வழக்கம்.

"இப்ப இன்னா பாடம் ஓடுது?"

"நட்சத்திரத்துக்குள்ள பிரஷரு, சூடு எல்லாம் எப்டி இருக்கும்னு."

"சூரியன் மாதிரியா?"

"சூரியனே ஒரு நட்சத்திரம்தாண்ணே."

"அதுக்கு யாரு உமி தள்றா?"

அண்ணி சிரித்துவிட்டாள். நான் அவனுக்குச் சொன்னேன். சூரியனின் நடுவில் வெப்பம் ஒன்றரைக் கோடி டிகிரி. நம் தலைமேல் இருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல இருபத்தையாயிரம் கோடி மடங்கு அழுத்தம். அங்கே இருக்கும் பொருள் ஈயத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் அடர்த்தி. ஆனாலும் அது திடமும் இல்லை, திரவமும் இல்லை, வாயுதான். அந்தச் சூட்டில் அணுக்கள் முழுசாக இருப்பதில்லை. எலக்ட்ரான்கள் பிய்ந்து தனியாக ஓடுகின்றன, அணுக்கருக்கள் தனியாக ஓடுகின்றன. அணுக்கரு மிகமிகச் சின்னது என்பதால் எவ்வளவு நெருக்கினாலும் ஓட இடம் இருக்கிறது. அந்த நெரிசலில் ஹைட்ரஜன் கருக்கள் சேர்ந்து ஹீலியம் ஆகின்றன. அதுதான் உமி.

"அவ்ளோ பிரஷர எந்த ஷெல்லு தாங்கும்?" என்றான். பாய்லரின் இரும்புக் கூட்டை அவர்கள் ஷெல் என்பார்கள்.

"ஷெல்லே கெடையாது. அதோட வெயிட்டே அத்த அமுக்கிப் புட்ச்சிக்கினு கீது."

"அப்ப சேஃப்டி வால்வு?"

"அதுவும் கெடையாது. உள்ள சூடு ஏறுனா பிரஷர் ஏறும். பிரஷர் ஏறுனா அது உப்பிக்கும். உப்பினா ஆறிடும். ஆறுனா எரியறது தானா கொறஞ்சிடும்."

அவன் கொஞ்ச நேரம் சாப்பிட்டான். "குடுத்து வெச்ச பாய்லரு," என்றான்.

அடுத்த வருஷம் அறுவடை முடிந்து ஆலையில் நெல் மூட்டைகள் கூரை வரை நின்ற சமயம், ஒரு நாள் கல்லூரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். படாளத்தில் பஸ் ரொம்ப நேரம் நின்றது. எதிரே வந்த பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் கண்டக்டரிடம் ஜன்னல் வழியாகச் சொன்னார். "கருங்குழில மில்லு வெடிச்சிடுச்சாம்பா. ரோடெல்லாம் உமி." எந்த மில் என்று கேட்க நான் எழுந்தேன். ஆனால் கேட்கவில்லை. அந்தச் சுற்றில் பாய்லர் வைத்திருந்தது ஒரே ஒரு மில்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பாய்லர் இருந்த கொட்டகையே இல்லை. ஷெல்லின் ஒரு பாதி களத்தைத் தாண்டிச் சுவரில் சாய்ந்திருந்தது. அவித்த நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். அண்ணனை ஒரு தார்ப்பாயில் சுற்றியிருந்தார்கள். அண்ணியை யாரும் பக்கத்தில் விடவில்லை. என்னையும் விடவில்லை.

மறுநாள் விடிந்ததும் நான் மறுபடி அங்கே போனேன். பக்கத்து வயலில், வரப்பு ஓரமாக, சேஃப்டி வால்வின் கை கிடந்தது. அது ஒரு இரும்புத் தண்டு. அதன் நுனியில் குறிப்பிட்ட எடை தொங்கும். அழுத்தம் அந்த எடையைத் தூக்கும் அளவுக்கு வந்துவிட்டால் வால்வு திறந்து நீராவி வெளியே போய்விடும். நான் பார்த்த தண்டில் எடை இல்லை. ஆனால் எடை தொங்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் கட்டுக்கம்பி நாலைந்து சுற்றாகச் சுற்றி, முறுக்கி விட்டிருந்தது. அங்கே கம்பிக்கு வேலையே இல்லை. வேறு ஏதோ கனமானதை அதில் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. நான் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு திரும்பி வருவதற்குள் தண்டைக் காணோம்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் இதைச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "வெடிச்ச எடத்துல கம்பி இல்லாம வேற இன்னாம்மா இருக்கும்?" என்றார். கொட்டகை இடிபாட்டில் எங்கே பார்த்தாலும் கம்பிதான் கிடந்தது. அவர் எழுதிக்கொண்டு போனது வேறு. ஆபரேட்டர் தண்ணீர் மட்டத்தைக் கவனிக்கவில்லை. ஆபரேட்டர் காலையிலேயே குடித்திருந்ததாக ஆலையில் வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள்.

அண்ணன் குடிக்காதவன் இல்லை. பொங்கல், ஆடித் திருவிழா, யாராவது கூட்டாளி கல்யாணம் என்றால் குடிப்பான். அதனால் அந்தப் பேச்சு எளிதாக ஒட்டிக்கொண்டது. குடித்துவிட்டு இரண்டு பொம்பளைகளைக் கொன்றுவிட்டான் என்று தெருவே சொன்னது. அண்ணி ஆரம்பத்தில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிப் பார்த்தாள். "நான்தானே கஞ்சி ஊத்தி அனுப்சேன். வாயி நாறுனா எனக்குத் தெரியாதா?" பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்லுவாள் என்று விட்டுவிட்டார்கள்.

இறந்துபோன பெண்களின் வீடுகள் இரண்டுக்கும் அம்மா போனாள். நான் தடுத்தேன், கேட்கவில்லை. ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில் இறந்த பெண்ணின் தாயார் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் காலில் விழுந்தாள். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு அம்மா குழாயடிக்கு எல்லாரும் போய்விட்ட பிறகுதான் போவாள். தண்ணீர் நின்றுபோயிருந்தால் காலிக் குடத்தோடு வருவாள்.

நான் அம்மாவுக்கு எவ்வளவோ தடவை விளக்கியிருக்கிறேன். அடுப்பங்கரையில் மூடி போட்ட பாத்திரத்தை வைத்து, மூடிமேல் அம்மிக் குழவியை வைத்தால் என்ன ஆகும் என்றுகூடக் காட்டியிருக்கிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொல்வாள். "மில்லுல அத்தினி பேரு சொல்றாங்களே பாப்பா. அத்தினி பேருமா பொய் சொல்லுவாங்க?"

சில வருஷங்கள் கழித்து அவள் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சிறுநீரகம் போய்விட்டது. கடைசி நாட்களில் ஆள் அடையாளம் தெரிவதும் தெரியாததுமாக இருந்தாள். தெரிந்த ஒரு பொழுதில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "காலைலயேவா குடிச்சான்?" குடிக்கவில்லை அம்மா என்றேன். சரி என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

அண்ணி அதற்கு முன்பே தன் சின்ன மகளை அழைத்துக்கொண்டு கல்பாக்கம் போய்விட்டாள். அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் ஒரு வீட்டில் சமையல் வேலை. பின்னால் இன்னும் இரண்டு வீடுகள் சேர்ந்தன. நான் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் ஆனேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் துறைக்கு இன்னொரு பெண் ஆசிரியர் வந்தார். என் வயதுதான். கணவர் கல்பாக்கத்தில் விஞ்ஞானி. மாமல்லபுரம் பக்கம் வீடு கட்டியிருந்தார்கள். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் வருவார். நல்ல ஆசிரியர், அதிகம் பேசமாட்டார். விண்ணியற்பியல் தாளை எங்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். விண்மீனின் உள்கட்டமைப்பை நான் எடுத்துக்கொண்டேன். அதில் கடைசிப் பகுதியை மட்டும் அவரை நடத்தச் சொன்னேன். இரண்டு வருஷம் அவரும் நடத்தினார். மூன்றாம் வருஷம் துறை அறையில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டார்.

"ஏன் மேடம், அழகான பகுதி அது. எனக்கே தள்ளி விடறீங்க?"

அந்தப் பகுதி இதுதான். சூரியன் மாதிரி ஒரு விண்மீனின் நடுவில் ஹைட்ரஜன் தீர்ந்துபோனதும் சாம்பல் மாதிரி ஹீலியம் மிஞ்சுகிறது. எரிய ஒன்றும் இல்லாததால் அது தன் எடையிலேயே சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க எலக்ட்ரான்கள் ஒன்றை ஒன்று நெருக்க முடியாத நிலைக்கு வந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உறவு அறுந்துபோகிறது. நெருக்கத்தினால் மட்டுமே அழுத்தம், சூடு ஏறினாலும் அது ஏறாது. பத்துக் கோடி டிகிரியில் ஹீலியம் பற்றிக்கொள்கிறது. சூடு ஏறுகிறது. வழக்கமான வாயுவாக இருந்தால் உப்பி ஆறியிருக்கும். இது உப்பாது. உப்பாததால் ஆறாது. ஆறாததால் இன்னும் வேகமாக எரியும். சில நிமிஷங்களுக்கு ஒரு முழு விண்மீன் மண்டலத்தின் ஒளிக்குச் சமமான ஆற்றல் அந்தச் சின்ன நடுவில் வெடிக்கிறது. கடைசியில் சூடு மிதமிஞ்சிப் போய்ப் பழைய உறவு திரும்பும்போதுதான் அது விரிந்து அடங்குகிறது. மேலே போர்த்தியிருக்கும் அடுக்குகள் அத்தனையையும் உறிஞ்சிக்கொள்வதால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது.

விண்மீன் அதற்குப் பிறகும் பிழைத்திருக்கும். கணக்கைப் போட்டால் எல்லாம் தெளிவாகத்தான் வரும். ஆனால் கரும்பலகை முன்னால் நின்று "உப்ப முடியாது" என்று சொல்லும் இடத்தில் எனக்குக் குரல் நின்றுவிடும். அவர் வருவதற்கு முன்பு, நான் நடத்திய முதல் வருஷம் அப்படித்தான் ஆயிற்று. பிள்ளைகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்றைக்கு அவரிடம் முதல்முறையாக அண்ணனைப் பற்றிச் சொன்னேன். ஆலை, கட்டுக்கம்பி, அதிகாரி, அம்மா, எல்லாவற்றையும். அவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "எந்த ஊர்னு சொன்னீங்க?" என்று ஒரு தடவை கேட்டார். சொன்னேன். டப்பாவை மூடிவிட்டு வகுப்புக்குப் போனார். மறுநாளும் அதற்கு மறுநாளும் லீவு போட்டிருந்தார்.

அந்த மாதமே மாணவிகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போனோம். பிள்ளைகள் கடற்கரைக் கோயில் பக்கம் போனதும் நாங்கள் இருவரும் சவுக்குத் தோப்பு ஓரம் உட்கார்ந்தோம். சாலைக்கு அந்தப் பக்கம் சிற்பப் பட்டறையில் கல் செதுக்கும் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. அவர் மணலைப் பார்த்தபடி சொன்னார்.

"அது எங்க மில்லு மேடம்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"எங்கப்பாதான் ஓனர். நாங்க மதுராந்தகத்துல இருந்தோம். பாய்லர் வெடிக்கிறதுக்கு முந்தின நாள் நான் அவர்கூட மில்லுக்குக் கார்ல வந்திருந்தேன். கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போற வழி. லோடு தேங்கி நிக்குது, வால்வு சும்மா சும்மா திறந்து ஸ்டீம் வீணாப் போகுதுன்னு அப்பா கத்தினார். தராசுல இருந்து எடைக்கல்ல எடுத்து வால்வோட கைல கட்டச் சொன்னார். உங்க அண்ணன் முடியாதுன்னு சொன்னார். பழைய பாய்லரு, தாங்காதுன்னார். அப்பா மேஸ்திரிய விட்டுக் கட்ட வெச்சார். நான் கார் கண்ணாடிய இறக்கிப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் அவன் மறுநாள் வேலைக்குப் போனான்?"

"நான் போய்ட்டா வெவரம் தெரியாதவன ஒக்கார வெப்பீங்க, நானே தீயக் கொறச்சி ஓட்டிக்கிறேன்னு அன்னிக்கே சொன்னார். மறுநாள் அப்பா வேற ஆள விட்டு நெறைய உமியத் தள்ள வெச்சிருக்கார். அது எனக்கு அப்புறம்தான் தெரியும்."

நான் அழுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். எனக்கு அழுகை வரவில்லை. "அன்னிக்கு நீங்க ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"எனக்குக் கல்யாணம் வெச்சிருந்தாங்க," என்றார். அவருடைய அப்பா முந்தின வருஷம்தான் இறந்திருந்தார். கடைசி வரை, கேட்டபோதெல்லாம், அவன் குடித்திருந்தான் என்றே சொன்னாராம். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டாரோ என்னவோ தெரியாது என்றார்.

அவரே கேட்டதால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கல்பாக்கத்துக்கு, அண்ணியிடம் அழைத்துப்போனேன். அண்ணி வேலை முடித்துக்கொண்டு, கையில் பையோடு டவுன்ஷிப் பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். ஷிப்ட் முடிந்தவர்கள் சைக்கிளில் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். இவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அண்ணி பையைத் தரையில் வைக்காமலே கேட்டாள்.

"எங்க அத்த உசிரோட கீறப்ப வந்திருக்கணும் நீ," என்றாள்.

இவர் தலையை ஆட்டினார்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எனக்கு அன்னிக்கே தெரியும். அவரு குடிக்கல. நீ சொல்றதா இருந்தா கருங்குழிக்கு வந்து சொல்லு. அந்தத் தெருவுல நின்னுகினு சொல்லு."

"வர்றேன்," என்றார்.

வந்தார். அதை நான் மறுக்க முடியாது. நாங்கள் மூவரும் ஒரு காலை வேளையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கி நடந்தோம். ஆலை கை மாறி உரக் கிடங்காகியிருந்தது. அதன் பின்தெருவில், குழாயடியில், பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அண்ணியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. இறந்த பெண்ணின் தாயார், அம்மா யார் காலில் விழுந்தாளோ அந்த அம்மாள், வாசலில் உட்கார்ந்து முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தாள். ரொம்பக் கிழமாகிப்போயிருந்தாள்.

இவர் நடுத்தெருவில் நின்று, தான் யார் மகள் என்று சொன்னார். அப்பா எடைக்கல்லைக் கட்டச் சொன்னதைச் சொன்னார். ஆபரேட்டர் குடிக்கவில்லை, மறுத்தார் என்று சொன்னார். வகுப்பில் பேசுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. குடம் நிரம்பி வழிந்தது, ஒருத்தி குழாயை மூடினாள்.

கிழவி முறத்தைக் கீழே வைத்தாள். "அது தெரியும்மா," என்றாள்.

"இன்னா தெரியும்?" என்றாள் அண்ணி.

"கல்லு கட்னது. மேஸ்திரி அன்னிக்கி சாயங்காலமே சொன்னான். எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சிக்கினேவா குடிகாரன்னு சொன்னீங்க?"

"எம்பெரிய புள்ளைக்கு மொதலாளி மில்லுல வேல போட்டுக் குடுத்தாரு. செத்த இன்னொருத்தி வூட்டுப் பையனுக்கும் குடுத்தாரு. தெருவுல பாதி பேரு அங்கதான் வேல செஞ்சாங்க. மில்ல மூடிட்டா எங்க போறது? செத்தவன் மேல போட்டா அவனுக்கு இன்னா வலிக்கப்போவுதுன்னு எல்லாரும் பேசிக்கினாங்க." கொஞ்சம் நிறுத்தி, "ஒங்க மாமியா வந்து கால்ல வுழுந்தப்ப நான் மூஞ்சத் திருப்பிக்கினேன். கோவத்துல இல்ல. பாக்க முடியல," என்றாள்.

அண்ணி முகத்தில் கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. இத்தனை வருஷம் பொய்யை நம்பினார்கள் என்று அவள் அந்தத் தெருவை வெறுத்திருந்தாள். நம்பவேயில்லை என்று தெரிந்ததும் வெறுக்கக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை போல. திரும்பி நடந்தாள். நாங்களும் பின்னால் போனோம். ரோட்டுக்கு வந்து வேலியோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். இவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அண்ணி வாங்கி வாயைக் கொப்பளித்தாள், பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

விஷயம் மதுராந்தகத்தில் அந்த ஆசிரியரின் பிறந்த வீட்டுக்கு எட்டியது. அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர் தன் அம்மாவைப் பார்க்கப் போனபோது வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கல்லூரியில் நாங்கள் ஒரே அறையில்தான் இருந்தோம். பாடம், பரீட்சை, விடுமுறை என்று தேவையானதைப் பேசிக்கொண்டோம். நான் அவரை மன்னித்தேனா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எனக்கு விடை தெரியாது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். போகும்போது மேசையைத் துடைத்துச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

அண்ணி அதற்குப் பிறகு கருங்குழிக்குப் போகவில்லை. எங்கள் வீட்டை விற்கும்போது கையெழுத்துப் போடக்கூட மதுராந்தகம் பத்திர ஆபீஸோடு திரும்பிவிட்டாள். மகளுக்குக் கல்பாக்கம் பக்கத்திலேயே வரன் பார்த்தாள். முதலில் வந்தவர்கள் பெண்ணின் அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார்கள். விபத்து என்று சொல்லச் சொல்லி நான் கண்ணால் காட்டினேன்.

"மில்லு மொதலாளி கொன்னுட்டாரு," என்றாள் அண்ணி. எடைக்கல் கட்டியதிலிருந்து ஆரம்பித்துத் தெரு வரைக்கும் முழுசாகச் சொன்னாள். அவர்கள் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், சொல்லி அனுப்பவில்லை. இரண்டாவதாக வந்தவர்களிடமும் அப்படியே சொன்னாள். பையனின் அப்பா லாரி டிரைவர். எல்லாம் கேட்டு முடித்ததும் அண்ணியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அந்த வீட்டில்தான் பெண்ணைக் கொடுத்தோம்.